40,000 ரூபாய் ஹெட்போனில் காசு எங்கே போகிறது?

ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 2020 டிசம்பரில் அறிமுகமானபோது இந்தியாவில் அதன் விலை 59,900 ரூபாய். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்6 2025-இல் 39,990 ரூபாய்க்கு வந்தது. போஸின் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ராவும் ஏறக்குறைய அதே வட்டாரத்து விலைதான். ஆனால் அதே சோனி 2023-இல் டபிள்யூஎச்-சிஎச்720என் என்ற ஹெட்போனை 9,990 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இன்னும் கீழே இறங்கிப் போனால் 1,500 ரூபாய்க்குக்கூட 'நாய்ஸ் கேன்சலிங்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டி கிடைக்கிறது. எல்லாமே தலையில் மாட்டுவதுதான், எல்லாமே ப்ளூடூத்தில் பாடுவதுதான். விலை மட்டும் ஒன்றுக்கு நாற்பது என்று விரிந்து கிடக்கிறது.

வாங்கப்போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "சோனி மாதிரியே இருக்கணும், ஆனா அஞ்சாயிரத்துக்குள்ள வேணும், எது நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாது. விலை உயர்ந்த ஹெட்போனில் ஒலி, வெளிச்சத்தத்தை அடக்கும் திறன், மணிக்கணக்கில் மாட்டியிருக்கிற வசதி, சில வருடங்கள் தாங்கும் கட்டுமானம், பிராண்டின் பெயர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறார்கள். இவற்றில் ஒலி மிகவும் மலிந்துவிட்டது. அமைதியும் வசதியும் ஆயுளும் அந்த வேகத்தில் மலியவில்லை. தனக்கு இவற்றில் எது வேண்டும் என்று தெரிந்துகொண்டவருக்கு மாற்று கண்டுபிடிப்பது சுலபம். தெரியாதவர் 40,000 கொடுத்தும் ஏமாறலாம், 1,500 கொடுத்தும் ஏமாறலாம்.

முதலில் ஒலி. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உச்சம் வரை ஒவ்வொன்றையும் ஒரு ஹெட்போன் எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு. ஒலித் தரத்தில் அதிர்வெண் அளவீடு மட்டுமே எல்லாம் ஆகிவிடாது, உண்மைதான். ஆனாலும் 'இது தெளிவாக இருக்கிறது', 'இது மந்தமாக இருக்கிறது' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதைச் சார்ந்ததே. அந்தப் பெரும்பங்கைக் காசு தீர்மானிக்கவில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. ஜேபிஎல் பிராண்டின் தாய் நிறுவனமான ஹார்மனில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012-ஐ ஒட்டி ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். பலரை உட்காரவைத்து, எந்த ஹெட்போன் என்று தெரியாமல் கேட்கச் செய்து, எப்படிப்பட்ட ஒலி பெரும்பான்மையினருக்குப் பிடிக்கிறது என்று ஒரு வளைகோடாக வரைந்தார்கள். இன்று 'ஹார்மன் டார்கெட்' என்று அழைக்கப்படுவது அதுதான். அந்த முடிவுகள் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியானதால், அளக்கும் கருவி வைத்திருக்கும் எந்தத் தொழிற்சாலையும் அதை இலக்காக வைத்துத் தன் ஹெட்போனைச் சரிசெய்துகொள்ள முடிந்தது. உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றும் அபூர்வம் இல்லை. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதிரும் மெல்லிய சவ்வு; இவை சேர்ந்ததுதான் 'டிரைவர்'. இந்தத் தொழில்நுட்பம் மிகப் பழையது, மிக மலிவானது. பெட்டியில் போடும் மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். சோனியின் டபிள்யூஎச்-1000 வரிசையில் வந்த எக்ஸ்எம்4-இல் 40 மில்லிமீட்டர் டிரைவர் இருந்தது. அதற்கடுத்து, அதைவிட விலை கூடுதலாக வந்த எக்ஸ்எம்5-இல் 30 மில்லிமீட்டர்தான்.

அப்படியானால் மலிவான ஹெட்போன்கள் ஏன் பல நேரம் மோசமாக ஒலிக்கின்றன? இலக்கு தெரியாததால் அல்ல. கடையில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்பவர் 'அதிருதுல்ல' என்று சொல்லவேண்டும் என்பதற்காகவே பல நிறுவனங்கள் பேஸை வேண்டுமென்றே தூக்கி வைக்கின்றன. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுப் பார்த்தால் இது உடனே பிடிபடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி வீங்கி ஒலிக்கும். வலந்தலையில் விழும் சாப்பு அதற்குள் புதைந்துபோகும். பாடகரின் குரல் ஒரு திரைக்குப் பின்னால் போனதுபோல் இருக்கும். நம் ஊர் இசையைக் கேட்பவர்கள் கடையில் ஓடும் இரைச்சல் பாட்டை வைத்து முடிவெடுக்காமல் இப்படி ஒன்றைப் போட்டுக் கேட்பது நல்லது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் குறையில் பெரும்பகுதியைக் காசில்லாமலே சரிசெய்யலாம். இப்போது 4,000, 5,000 ரூபாய் ஹெட்போன்களுக்குக்கூட செயலி வருகிறது. அதில் ஈக்வலைசர் இருக்கிறது. பேஸைச் சில படிகள் இறக்கி, குரல் இருக்கும் நடுப்பகுதியை லேசாக ஏற்றினாலே வித்தியாசம் தெரியும். செயலி இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ போன்றவை இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களுக்கு எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டம் இலவசம். இதற்கும் எல்லை உண்டு. காதில் சரியாகப் பொருந்தாத மெத்தை, சத்தம் கூட்டினால் கரகரக்கும் டிரைவர், இவற்றை எந்த ஈக்வலைசரும் திருத்தாது.

இனி விலை ஏறும் இடத்துக்கு வருவோம். வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் உருவாக்குகிறது. ஒன்றின் மேட்டை இன்னொன்றின் பள்ளம் நிரப்ப, காதுக்கு எட்டும் சத்தம் குறைகிறது. இந்த யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். அதைத் தலையில் மாட்டும் பொருளாக்க ஆன காலம்தான் அதிகம். போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய எம்ஐடி பேராசிரியர் அமர் போஸ், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போன ஒரு வங்காளிப் போராளியின் மகன். 1978-இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் வந்தது. பொதுமக்களுக்கான குவயட்கம்ஃபர்ட் 2000-இல்தான் வந்தது.

ஏன் அவ்வளவு காலம்? 100 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு முழக்கத்தின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். எதிர் அலை இம்மியளவு பிந்தினாலும் அவ்வளவு நீண்ட அலையில் பாதகமில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். அங்கே கொஞ்சம் பிந்தினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாமல் போய், சத்தம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். அதனால் எந்த ஹெட்போனும் மின்னணு முறையில் அடக்குவது தாழ்ந்த, விடாமல் ஒலிக்கும் இரைச்சலைத்தான்: ஏசி, ஃபேன், பஸ் இன்ஜின், ரயிலின் தடதடப்பு, விமானத்தின் உறுமல். குக்கர் விசில், குழந்தையின் அழுகை, லாரியின் ஏர் ஹாரன் போன்றவற்றைத் தடுக்கவேண்டியது காதைச் சுற்றி உட்காரும் மெத்தை. மின்னணுவுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. 'ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியும் பக்கத்து சீட்டில் பேசுவது கேட்கிறதே' என்று நொந்துகொள்பவர்களுக்கு இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

மலிவான ஹெட்போனுக்கும் விலை உயர்ந்ததற்கும் உள்ள உண்மையான தூரம் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. அடிமட்ட முழக்கத்தை 5,000 ரூபாய் ஹெட்போனும் ஓரளவு நன்றாகவே அடக்கிவிடும். சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில், அதாவது மனிதக் குரலின் கனமும் தெருவின் பொதுவான இரைச்சலும் இருக்கும் பகுதியில், சோனியும் போஸும் ஆப்பிளும் முன்னே போய்விடுகின்றன. எக்ஸ்எம்5-இல் 8 மைக்குகள், எக்ஸ்எம்6-இல் 12. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா, காற்று மைக்கில் அடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எதிர் அலையை மாற்றிக்கொண்டே இருக்கிற மென்பொருளும் வேகமான சிப்பும் சேர்ந்தால்தான் அது நடக்கும். பல வருட ஆராய்ச்சியின் செலவு இந்த இடத்தில்தான் நம் பில்லில் ஏறுகிறது. இதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். தேவை இருப்பவருக்கு இதற்கு மாற்றே இல்லை.

ஆனால் இங்கேயும் விலை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 2018-இல் வந்த எக்ஸ்எம்3-இல் சத்தத்தை அடக்குவதற்கென்று சோனி கியூஎன்1 என்ற தனிச் சிப்பையே வைத்தது. இப்போது குவால்காம், மீடியாடெக்கின் ஏரோஹா, ஷாங்காயின் பெஸ்டெக்னிக் போன்ற நிறுவனங்கள் ப்ளூடூத்தையும் இரைச்சல் அடக்கத்தையும் ஒரே சிப்பில் அடைத்து யார் கேட்டாலும் விற்கின்றன. ஆங்கரின் சவுண்ட்கோர், எடிஃபையர், ஒன்மோர் போன்ற பெயர்கள் ஐயாயிரத்தை ஒட்டிய விலைகளில் தலைகாட்டுவது இதனால்தான்.

இந்த விலைக்குக் கீழே போகும்போது இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, டெசிபல் கணக்கு. '50 டிபி வரை' என்று போடுவது ஏதோ ஒரு அதிர்வெண்ணில், சோதனைச் சாலையில் கிடைத்த உச்ச அளவு. அதை வைத்து இரண்டு பெட்டிகளை ஒப்பிட முடியாது. இன்னொன்று இதைவிட மோசம். 'இஎன்சி' என்று எழுதியிருந்தால் அது உங்கள் காதுக்கான வசதி அல்ல. போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேட்காமல் இருப்பதற்கானது. காதுக்கு வேண்டியது 'ஏஎன்சி'. விளம்பரத்தில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று மட்டும் பெரிதாகப் போட்டு, முன்னால் இருக்கும் எழுத்தைப் பொடியாகப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 1,500 ரூபாயைச் சேர்த்துவைத்து வாங்கும் ஒரு கல்லூரி மாணவரை இப்படிக் குழப்புவது நியாயமே இல்லை.

விலை வித்தியாசம் எதற்கு என்று காட்ட சோனியின் இரண்டு ஹெட்போன்களை எதிரெதிரே வைப்பது நல்ல வழி, ஏனென்றால் இரண்டுமே ஒரே கையிலிருந்து வருபவை. எக்ஸ்எம்5 2022-இல் 34,990 ரூபாய் விலையோடு வந்தது. சிஎச்720என் அடுத்த வருடம் 9,990-க்கு வந்தது. இரண்டிலும் வி1 என்ற ஒரே சோனி சிப் இருக்கிறது. எக்ஸ்எம்5-இல் அதோடு கியூஎன்1 சிப்பும் உண்டு, மைக்குகளும் அதிகம். இரைச்சல் அடக்கத்தை இயக்கிய நிலையில் எக்ஸ்எம்5 30 மணி நேரம் பாடும். சிஎச்720என் 35 மணி நேரம். எடை முறையே 250 கிராம், 192 கிராம். ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் இணைந்திருக்கும் வசதி இரண்டிலும் உண்டு. செயலியும் அதில் உள்ள ஈக்வலைசரும் இரண்டுக்கும் பொது.

சிஎச்720என்னில் இழப்பது என்ன? காதிலிருந்து கழற்றினால் பாட்டு தானாக நிற்கும் உணரி இல்லை. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எல்டாக் என்ற முறை இல்லை. தூக்கிச்செல்ல உறை கொடுப்பதில்லை. மெத்தை சிறியது, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே தெரியும். குரல் பகுதியில் இரைச்சலை அடக்கும் திறன் கண்டிப்பாகக் குறைவு. வீட்டில் படிப்பவருக்கும், ஏசி ஓடும் அலுவலகத்தில் வேலை செய்பவருக்கும் இவற்றில் எதுவும் 25,000 ரூபாய்க்குச் சமமான இழப்பாக எனக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு விமானம் ஏறுபவருக்கும், எந்நேரமும் பேச்சுச் சத்தம் நிறைந்த கூடத்தில் உட்கார்ந்து கவனம் வைத்து வேலை செய்யவேண்டியவருக்கும், சத்தம் பட்டாலே தலைவலி வருபவருக்கும் அந்தக் கடைசி இழப்பு பெரிதுதான். அவர்கள் விலை உயர்ந்ததையே வாங்கட்டும், ஆனால் புதிதாக வந்ததை வாங்கத் தேவையில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் அதிகம் பேசப்படாத, நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் வெயில். காதை முழுதாக மூடும் ஹெட்போனைச் சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். காதைச் சுற்றி வியர்வை ஊறி, கழற்றினால் போதும் என்றாகிவிடும். 5,000 ரூபாய் ஹெட்போனிலும் இதுதான், 50,000 ரூபாய் ஹெட்போனிலும் இதுதான். விலை கூடக்கூட வசதி கூடும் என்பதும் எல்லா இடத்திலும் சரிவராது. ஏர்பாட்ஸ் மேக்ஸின் எடை 385 கிராம், சிஎச்720என்னைப்போல இரண்டு மடங்கு. அதன் உலோகக் கட்டுமானத்தின் அழகை மறுக்க முடியாது, ஆனால் அந்தப் பாரத்தைக் கழுத்து சுமக்க வேண்டும்.

வியர்வையால் வரும் இன்னொரு பிரச்சினை, மெத்தையின் மேல் இருக்கும் செயற்கைத் தோல் உரிவது. ஈரப்பதம் அதிகமான கடலோர ஊர்களில் இது சீக்கிரமே தொடங்கிவிடும். மெத்தை உரிந்தால் காதோடு பொருந்துவது கெட்டு, பேஸும் குறையும், இரைச்சல் அடக்கமும் குறையும். ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறார்கள். உண்மையில் மெத்தை மட்டும்தான் போயிருக்கும். பெயர் தெரிந்த மாடல்களுக்கு வேறு நிறுவனங்கள் செய்யும் மெத்தைகள் சில நூறு ரூபாயிலிருந்தே ஆன்லைனில் கிடைக்கின்றன. அவ்வளவாக விற்பனையாகாத ஒரு மலிவு மாடலுக்கு அப்படிக் கிடைக்காது. அதனால் மாற்றுத் தேடும்போது அதிகம் பேர் வாங்கிய மாடலாகப் பார்ப்பதில் ஒரு பலன் இருக்கிறது. நத்திங் நிறுவனத்தின் சிஎம்எஃப் பிராண்டு 2025-இல் 99 டாலர் விலையில் அறிமுகப்படுத்திய ஹெட்போன் புரோவில் மெத்தையைக் கழற்றி மாற்றிக்கொள்ளும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இது பரவ வேண்டும்.

பேட்டரிக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் திறன் குறையத் தொடங்கும். காதைச் சுற்றி மூடும் ஹெட்போனில் பேட்டரி பெரிது, வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும், அதனால் பல வருடம் தாங்கும். காதுக்குள் வைக்கும் குட்டி இயர்பட்களில் பேட்டரி மிகச் சிறியது, தினமும் சார்ஜ் ஏறுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஓயத் தொடங்குவது அதனால்தான். 25,000 ரூபாய் இயர்பட்டும் இதிலிருந்து தப்பாது. ஆயுளைக் கணக்கில் எடுத்தால், அதே காசுக்குக் காதைச் சுற்றி மூடும் வகையே லாபம். பேட்டரியைப் பயனரே மாற்றும்படி இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் இங்கேயும் வந்து சேர்ந்தால் நல்லது.

எல்டாக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.  அது நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஐபோனில் அது வேலையே செய்யாது. யூடியூபிலும் சாதாரண ஸ்ட்ரீமிங்கிலும் வரும் பாட்டு ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டதுதான். இதற்காக மட்டும் யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அதேபோல, ஜூம் அழைப்பில் சேர்ந்ததும் 'ஹெட்போன் சத்தம் திடீரென்று மட்டமாகிவிட்டது' என்று பலர் வேறு வாங்கக் கிளம்புகிறார்கள். பழைய ப்ளூடூத் முறையில், ஹெட்போனின் மைக் இயங்கத் தொடங்கினால் இணைப்பு தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த ஹெட்போனுக்கும் இதே கதிதான். அழைப்புக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சரி, மாற்று எங்கே கிடைக்கும்? என் முதல் பதில், போன தலைமுறை. 2020-இல் 29,990 ரூபாய்க்கு வந்த சோனி எக்ஸ்எம்4 இன்றைக்கும் நல்ல ஹெட்போன். மடக்கிப் பையில் போடலாம். அதற்கடுத்த எக்ஸ்எம்5-இல் அது முடியாது. மடக்கும் வசதியைச் சோனி எக்ஸ்எம்6-இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. 2022-இல் 34,990 ரூபாய்க்கு வந்த சென்ஹைசர் மொமென்டம் 4, 60 மணி நேரம் ஓடும். புதிதாக இருந்தபோதைய விலைக்கு இப்போது யாரும் அதை வாங்குவதில்லை. நவராத்திரி, தீபாவளியை ஒட்டி அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் நடத்தும் தள்ளுபடி விற்பனையில் இந்த வகைதான் அதிகம் இறங்கும். புதிய மாடல் வந்த மாதம் பழைய மாடலை விசாரிக்க நல்ல மாதம். ஒன்று மட்டும்: அடித்துப் போட்ட விலையைப் பார்த்துத் தள்ளுபடியைக் கணக்கிடாதீர்கள். 4,990 என்று அச்சடித்து வருடம் முழுக்க 1,299-க்கு விற்கும் பொருளில் தள்ளுபடி என்று எதுவும் இல்லை.

பட்ஜெட் 2,000 ரூபாய்தான் என்றால் என் கருத்து கொஞ்சம் மாறும். அந்த விலையில் இரைச்சல் அடக்கத்தைத் தேடாமல் விட்டுவிடுவது நல்லது. கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் இந்தியாவில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. 2018-இல் ஒன்பிளஸ் புல்லட்ஸ் வயர்லெஸ் வந்ததிலிருந்து ரியல்மி, போட் என்று பலரும் அதைச் செய்தார்கள், விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. காதிலிருந்து கழன்றாலும் கீழே விழாது, காது வியர்க்காது, பேட்டரி இயர்பட்டைவிடப் பெரிது. டெலிவரி வேலை செய்பவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் அதைத் தேர்ந்தெடுத்தது அனுபவத்தில்தான்; வண்டி ஓடும்போது மட்டும் அது காதில் இருக்கக் கூடாது.

பாட்டுக்காகவே வாங்குபவர் என்றால், வயரை வேண்டாம் என்று ஒதுக்குவதற்குமுன் ஒரு முறை யோசிக்கலாம். காதுக்குள் ஆழமாகப் பொருந்தும் ஐஇஎம் வகையில் மூன்ட்ராப், 7ஹெர்ட்ஸ், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் 2,000 ரூபாயை ஒட்டித் தருகிற ஒலி, பத்து மடங்கு விலையுள்ள வயர்லெஸ் ஹெட்போன்களோடு போட்டி போடுகிறது. மூன்ட்ராப் சூ 2022-இல் 20 டாலருக்கு வந்தபோதே அது நிரூபணமாகிவிட்டது. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்கு டைப்-சி மாற்றி கிடைக்கும். ரப்பர் முனை காதை இறுக்கமாக அடைப்பதால் பேச்சுச் சத்தமும் ஹாரனும் கணிசமாகக் குறையும், பேட்டரி தீராது, ப்ளூடூத் தாமதம் கிடையாது. ஆன்லைன் வகுப்பு கேட்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று எனக்குத் தெரியவில்லை.

தொடக்கூடாத மாற்று ஒன்று உண்டு: ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும், இப்போது இன்ஸ்டாகிராமிலும், 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று விற்கும் போலி ஏர்பாட்ஸ், போலி சோனி. ஐபோன் பக்கத்தில் கொண்டுபோனால் அசல் மாதிரியே திரையில் படம் வரும். பெட்டியில் சீரியல் எண் இருக்கும். உள்ளே இருக்கும் டிரைவரையும் பேட்டரியையும் யாரும் சோதித்திருக்கமாட்டார்கள். கன்னத்துக்குப் பக்கத்தில் லித்தியம் பேட்டரியை வைத்துக்கொள்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. வயர்லெஸ் ஹெட்போன்களுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ 'ஆர்-' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்தால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்று வந்துவிடும். அதே 3,000 ரூபாய்க்குத் தன் சொந்தப் பெயரில் விற்கும் ஒரு ஹெட்போன், அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பதைவிட எப்போதும் மேல்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவதும் நம்மிடையே வழக்கம். அப்படி வாங்குவதில் தவறில்லை, ஆனால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் இங்கேயே பில்லோடு வாங்குவது மேல்.

இரைச்சல் அடக்கத்துக்குக் காசு கொடுப்பதில் யாரும் சொல்லாத ஒரு நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் சராசரி அளவு 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். ஓடும் பஸ்ஸில் சாதாரண இயர்போனில் பாட்டு கேட்பவர் இன்ஜின் சத்தத்தை மீறுவதற்காகவே ஒலியை ஏற்றிக்கொண்டு போகிறார். பாதி இரைச்சலை ஹெட்போன் விழுங்கிவிட்டால் அந்த ஏற்றம் தேவைப்படாது. தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போய்வரும் ஒருவர் 2,000 ரூபாய்க்கு வாங்குவதைவிட, இன்னும் சில மாதம் பொறுத்து 5,000 ரூபாய்க்கு உருப்படியான ஏஎன்சி உள்ளதை வாங்குவது செவிக்குச் செய்யும் நல்லது. அதற்கு 40,000 தேவையில்லை. பஸ் இன்ஜின் ஒலிப்பது அடிமட்டத்தில்தான். ஐஇஎம் வைத்திருப்பவருக்கும் நன்றாகப் பொருந்தும் ரப்பர் முனை இதில் பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆன்லைனில் வாங்குவதற்குமுன் அந்தப் பொருளின் பக்கத்தின் அடியில் 'ரிட்டர்ன்' இருக்கிறதா, 'ரீப்ளேஸ்மென்ட்' மட்டுமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், பிடிக்கவில்லை என்ற காரணத்துக்குப் பணம் திரும்ப வராது. வந்ததும் பாட்டு போடாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஏஎன்சியை இயக்கியும் நிறுத்தியும் கேளுங்கள்; வித்தியாசம் தெரியாவிட்டால் அது பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு இரண்டு மணி நேரம் விடாமல் மாட்டியிருந்து பார்க்கவேண்டும், ஏனென்றால் வலி முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. வெளியே நின்று ஒருவருக்குப் போன் போட்டு, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ஈக்வலைசரைத் தொட்ட பிறகும் குரல் தெளியவில்லை என்றால் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்த விலைப்படிக்கு ஏறலாமா என்று யோசிப்பது அதற்கப்புறம்.